சைன் 3/5 என்றால் எதிர்ப்பக்கம் 3 என்று யார் சொன்னது?

கேள்வி: 11 பிப்ரவரி 2024, காலை

மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. முக்கோணவியல் பாடம் நடக்கிறது. ‘சைன் தீட்டா = 3/5 எனில் மற்ற ஐந்து விகிதங்களைக் காண்க’ என்று ஒரு கணக்கு. டியூஷனில் ‘எதிர்ப்பக்கம் 3, கர்ணம் 5, பிதாகரஸ் போடு, 4 வரும்’ என்று முடித்துவிட்டார்கள். விடை சரிதான். ஆனால் அவள் என்னிடம் கேட்கிறாள்: 3 என்று யார் சொன்னது? 6-ம் 10-மாக இருந்தாலும் 3/5 தானே? கேள்வியில் இல்லாத நீளத்தை நாமாக எப்படி எழுதலாம்? டியூஷனில் கேட்டதற்கு ‘அப்படித்தான் போடணும்’ என்றார்களாம். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன்.

11 பிப்ரவரி, இரவு

இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். ‘அப்படித்தான் போடணும்’ என்று சொல்லி அனுப்பியது வருத்தமாக இருக்கிறது. பதில் இருக்கிறது, ரொம்பத் தூரத்திலும் இல்லை.

3 என்பது நீளம் இல்லை, பங்கு. வீட்டில் இட்லிக்கு நாலுக்கு ஒன்று ஊறப்போடுகிறோம். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, எட்டு டம்ளருக்கு இரண்டு. படியால் அளந்தாலும் அதே மாவுதான். ‘நாலுக்கு ஒன்று’ என்று சொல்லிக் கொடுத்தவர் நம் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. சைன் 3/5 என்பதும் அதே மாதிரிப் பேச்சு. கர்ணத்தை (செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீளமான பக்கம்) ஐந்து சம பங்காக்கினால் எதிர்ப்பக்கம் (தீட்டா கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) அதில் மூன்று பங்கு இருக்கும். அவ்வளவுதான் கேள்வி சொல்கிறது.

ஒரு பங்கு எவ்வளவு? தெரியாது. அதை ‘ப’ என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் 3ப, கர்ணம் 5ப. அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கம் 25ப² − 9ப² = 16ப². ஆக அந்தப் பக்கம் 4ப. இப்போது விகிதங்களை எழுதிப் பாருங்கள்:

காஸ் = 4ப/5ப = 4/5
டேன் = 3ப/4ப = 3/4
கொசெக் = 5/3, செக் = 5/4, காட் = 4/3

எதிலும் ப மிஞ்சவில்லை, மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. அவள் சொன்ன 6-ம் 10-ம் போட்டால் மூன்றாவது பக்கம் 8 வரும். 8/10 என்றாலும் 4/5 தான். எப்படியும் அடிபடப் போகிறது என்று தெரிந்துதான் ப-வை எழுதாமலே 3, 5 என்று போடுகிறார்கள். ‘எதிர்ப்பக்கம் 3’ என்று எழுதுவது ‘எதிர்ப்பக்கம் 3 பங்கு’ என்பதன் சுருக்கம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால்தான் பிள்ளைகள் செ.மீ. சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

ஏன் அடிபடுகிறது என்று அடுத்து கேட்பாள். ஒரே குறுங்கோணத்தை வைத்துச் சின்னதாக ஒரு செங்கோண முக்கோணம், பெரிதாக ஒன்று வரையச் சொல்லுங்கள். இரண்டும் வடிவொத்தவை, பக்கங்கள் எல்லாம் ஒரே மடங்கில் வளரும். ஒரு விகிதம் தெரிந்தால் கோணம் ஒன்றுதான், வடிவம் ஒன்றுதான். வடிவம் தெரிந்த பிறகு மற்ற ஐந்தும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன.

12 பிப்ரவரி

காலையில் நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். ப போட்டது புரிந்ததாம், ஆனால் அடுத்த கணக்கில் கர்ணம் 5, எதிர்ப்பக்கம் 3, ஆகவே மீதி 5 − 3 = 2 என்று எழுதினாளாம். அதற்குக் காரணம் நான் கொடுத்த இட்லி உவமைதான். மாவில் பங்கும் பங்கும் கூட்டினால் மொத்தம் வரும். முக்கோணத்தில் வராது. உவமை பங்கு வரைக்கும் மட்டும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

12 தீக்குச்சி எடுத்துத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். 3, 4, 5 என்று வைத்தால் செங்கோணம் நிற்கும். பிறகு 3, 2, 5 வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் இரண்டும் சேர்ந்து ஐந்தின் மேலேயே படுத்துவிடும், முக்கோணமே கிடையாது. ஒரு தடவை கையால் வைத்துப் பார்த்த பிள்ளை மறுபடி கழித்து எழுதாது. நான் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கும் தெருப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

14 பிப்ரவரி

இரண்டு வகைக் கணக்கில் பிள்ளைகள் வழுக்குவதைப் பார்க்கிறேன்.

முதல் வகை: ‘20 டேன் தீட்டா = 21.’ இதைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் 20 என்று எழுதிவிடுகிறார்கள், டேனுக்குப் பக்கத்தில் 20 நிற்கிறதே என்று. முதலில் டேனைத் தனியாக நிறுத்த வேண்டும்: டேன் = 21/20. எதிர்ப்பக்கம் 21, அடுத்துள்ள பக்கம் 20. 441 + 400 = 841, அதன் வர்க்கமூலம் 29. சைன் 21/29, காஸ் 20/29. இங்கே கர்ணம் தெரியாத பக்கம், அதனால் கூட்டுகிறோம். சைன் கொடுத்தபோது கர்ணம் தெரியும், அதனால் கழித்தோம். ‘எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது’ என்று மனப்பாடம் வேண்டாம். படம் வரைந்து கர்ணத்தில் எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது வகை: காஸ் = 2/3. அடுத்துள்ள பக்கம் 2, கர்ணம் 3, எதிர்ப்பக்கம் √5. இங்கே பிள்ளைகள் பயந்துபோய் அழித்து அழித்து மறுபடி போடுகிறார்கள், விடை முழு எண்ணாக வராவிட்டால் தப்பு என்று நினைத்து. புத்தகத்தில் பெரும்பாலும் 3-4-5, 5-12-13, 8-15-17 என்றே வருவதால் வந்த பழக்கம் இது. √5 ஒரு நல்ல நீளம். 1-க்கு 2 செவ்வகம் வரைந்தால் மூலைவிட்டமே √5 தான். அப்படியே எழுதலாம்: சைன் √5/3, டேன் √5/2, காட் 2/√5.

15 பிப்ரவரி

ஒரு சோதனை. சைனும் காஸும் 1-ஐத் தாண்டாது, செக்கும் கொசெக்கும் 1-க்குக் கீழே வராது, ஏனென்றால் கர்ணம்தான் பெரிய பக்கம். சைன் 5/3 என்று வந்தால் எங்கோ பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறோம். டேனுக்கும் காட்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

19 பிப்ரவரி

11-ம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். ‘ஒரு விகிதம் தெரிந்தால் கோணம் ஒன்றுதான்’ என்று பொதுவாக எழுதிவிட்டேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி இங்கே வந்து, சைன் 3/5 என்றால் சுமார் 36.87 டிகிரியும் இருக்கலாம், 143.13 டிகிரியும் இருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. குறுங்கோணம் என்று சொன்னால்தான் ஒன்றே ஒன்று.

சைன்² + காஸ்² = 1 என்ற சூத்திரத்தில் போட்டால் இது தெளிவாகத் தெரியும். காஸ்² = 16/25, ஆக காஸ் 4/5 ஆகவும் இருக்கலாம், −4/5 ஆகவும் இருக்கலாம். ‘குறுங்கோணம்’ என்ற ஒரு சொல்தான் −4/5-ஐ வெளியே அனுப்புகிறது. பிள்ளைகள் கேள்வியைப் படிக்கும்போது அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைக் கோடிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இன்னொன்றும் கேட்டார்: சூத்திரம் இருக்கும்போது படம் எதற்கு? இரண்டும் ஒன்றுதான் தம்பி. பிதாகரஸை கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதே சூத்திரம் வந்துவிடும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் முதலில் படம்தான் என்பது என் கருத்து. சூத்திரம் மறந்தால் கை நின்றுவிடும். படத்தை மறக்க முடியாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

1983. அம்பத்தூரில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அப்ரண்டிஸ் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சாய்வான மேல்முகம் கொண்ட எஃகுத் துண்டுகள் கிரைண்டிங் முடிந்து என் மேசைக்கு வந்தன. டிராயிங்கில் சரிவு 1-க்கு 5 என்று போட்டிருந்தது. ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போனால் ஒரு மில்லிமீட்டர் உயரம்.

சரிவைச் சோதிக்க சைன் பார் என்று ஒரு கருவி உண்டு. நேரான கட்டை, இரண்டு முனையிலும் ஒரே அளவு உருளை. இரண்டு உருளைகளுக்கும் நடுவே உள்ள தூரம் எங்கள் கருவியில் 200 மி.மீ. ஒரு முனை சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான தட்டைத் தளத்தில் உட்காரும், இன்னொரு முனைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் என்ற, துல்லியமான தடிமன் கொண்ட சின்னக் கட்டைகளை அடுக்கி உயர்த்துவோம். அப்போது சைன் பார்தான் கர்ணம், ஸ்லிப் கேஜ் உயரம் எதிர்ப்பக்கம். துண்டை அதன் மேல் எதிர்ப்புறமாகச் சாய்த்து வைத்தால், சரிவு சரியாக இருக்கும்போது மேல்முகம் தட்டையாக நிற்கும். உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை அதன் மேல் ஓட்டினால் முள் அசையாது.

1-க்கு 5 என்றால் 0.2. 200-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 40. நான் 40 மி.மீ. அடுக்கினேன். டயலை ஓட்டினேன். 100 மி.மீ. நகர்ந்தால் முள் 0.4 மி.மீ. காட்டியது. அடுத்த துண்டிலும் அதே. ஒன்பது துண்டுகளையும் பார்த்து, ஒன்பதிலும் சிவப்பு பெயின்ட் வைத்து ரிஜெக்ட் என்று எழுதிவிட்டேன். கிரைண்டிங் செய்தவர் எனக்கு இருபது வயது மூத்தவர். ‘என் வேலை தப்பா இருக்காதுப்பா’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார்.

ஃபோர்மேன் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு முக்கோணம் போட்டார். நிற்கும் கோட்டில் 1, படுத்த கோட்டில் 5 எழுதினார். சாய்ந்த கோட்டைக் காட்டி ‘இது என்ன?’ என்றார். √26 என்றேன். சொன்ன உடனே எனக்கு விளங்கிவிட்டது.

டிராயிங் கொடுத்தது டேன். சைன் பார் கேட்பது சைன். டேன் 1/5 என்றால் சைன் 1/√26, அதாவது 0.19612. அடுக்க வேண்டிய உயரம் 40 அல்ல, 39.223. நான் வைத்த கோணம் 11.54 டிகிரி, வர வேண்டியது 11.31. அந்தக் கால் டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்தான் முள்ளில் 0.4 ஆகத் தெரிந்தது. மறுபடி அடுக்கி ஓட்டினோம், ஒன்பது துண்டிலும் முள் அசையவில்லை. அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘சரி விடு, பெயின்ட்டைத் துடைச்சுக் குடு’ என்றார்.

ஒரு விகிதத்திலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கைப் பள்ளியில் நான் நூறு தடவை போட்டவன். பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் கேள்வியில் ‘டேன் கொடுக்கப்பட்டுள்ளது’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் எனக்குத் தெரிந்தது. டிராயிங்கில் 1-க்கு 5 என்று மட்டும் இருந்தபோது அது எந்த இரண்டு பக்கங்களின் விகிதம் என்று நான் பார்க்கவில்லை. இந்த இழையில் நான் திரும்பத் திரும்பப் படம், பங்கு என்று எழுதுவது அந்தத் தரையில் பார்த்த முக்கோணத்தால்தான்.

26 பிப்ரவரி

39.223 எப்படி அடுக்குவீர்கள் என்று ஒருவர் கேட்கிறார். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 1.003 ஒன்று, 1.22 ஒன்று, 7 ஒன்று, 30 ஒன்று. நாலும் சேர்ந்து 39.223. துடைத்து ஒன்றின் மேல் ஒன்று அழுத்தித் திருகினால் ஒட்டிக்கொள்ளும்.

3 மார்ச்

எதிர்பார்த்ததுதான், அந்தப் பாட்டு வந்துவிட்டது. போதையனார் என்ற பழைய புலவரின் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுமே, ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மீதியோடு நிற்பதில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்று. வர்க்கமூலமே வேண்டாம், பிதாகரஸுக்கு முன்பே நம் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்.

போட்டுப் பார்த்துவிடுவோம். 4-ம் 3-ம்: 4-ல் எட்டில் ஏழு 3.5, அதோடு 1.5, மொத்தம் 5. சரி. 12-ம் 5-ம்: 10.5-ம் 2.5-ம் 13. சரி. இதோடு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். 15-ம் 8-ம்: 13.125-ம் 4-ம் 17.125. வர வேண்டியது 17. 24-ம் 7-ம்: 21-ம் 3.5-ம் 24.5. வர வேண்டியது 25. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.375, வர வேண்டியது 1.414.

சைனும் காஸும் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தினால் 8-15 கணக்கில் விடை தப்பாகிவிடும். பிள்ளைகளிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

4 மார்ச்

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது. ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், அழகான விஷயம் ஒன்று கிடைத்தது. நீளமான பக்கத்தை 1 என்றும் சிறிய பக்கத்தை ட என்றும் வைத்தால், பாட்டு சொல்லும் கர்ணம் 7/8 + ட/2. உண்மையான கர்ணம் √(1 + ட²). இரண்டும் சமம் என்று வைத்து வர்க்கப்படுத்தினால்

48ட² − 56ட + 15 = 0

என்று வரும். இதன் தீர்வுகள் இரண்டே இரண்டு: ட = 3/4, ட = 5/12. அதாவது இந்த விதி 3-4-5 வடிவத்துக்கும் 5-12-13 வடிவத்துக்கும் மட்டுமே துல்லியம், உலகத்தில் வேறு எந்த முக்கோணத்துக்கும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் (8-15 அப்படித்தான்), வெளியே போனால் குறைவாகக் காட்டும். இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் கையில் வைத்திருந்த இரண்டு வடிவத்துக்கும் பொருந்தும்படி ஒரு நேர்கோடு போட்டிருக்கிறார். மரம் அறுப்பதற்கு, பந்தல் கயிறு அளப்பதற்குப் போதும். சர்ஃபேஸ் பிளேட்டுக்குப் போதாது.

யாருடையது, எந்தக் காலம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு பிள்ளையிடம் ‘இது எந்த முக்கோணத்துக்குச் சரி?’ என்று கேட்டுச் சோதிக்கச் சொன்னால் நல்ல வீட்டுப்பாடம் ஆகும்.

10 மார்ச்

எங்கள் தெருவில் ரோடு போட்டுப் போட்டு வாசல் ஒரு பக்கம், படி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்திருக்கிறது, சாய்தளம் போட மேஸ்திரி வந்தார். 1-க்கு 12-க்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது என்று சொன்னேன். படி உயரம் 45 செ.மீ., ஆகவே தரையில் 540 செ.மீ. வேண்டும். ‘சார், 540 தரையிலயா, சாய்வுலயா?’ என்று மேஸ்திரி கேட்டார். அன்றைக்கு அம்பத்தூரில் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

டேன் 1/12. கர்ணம் √145, அதாவது 12.04. சாய்வில் அளந்தால் 541.9 செ.மீ. இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை, சிமென்ட் பூச்சிலேயே போய்விடும். சரிவு குறைய குறைய சைனும் டேனும் நெருங்கி வரும். 1-க்கு 5-ல் இரண்டு சதவீதம், 1-க்கு 12-ல் அரை சதவீதம்கூட இல்லை. எங்கே கண்டுகொள்ள வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்பதையும் அதே முக்கோணம் சொல்லிவிடுகிறது.

சாய்தளம் முடிந்தது. நேற்று அந்த அம்மா அவராகவே வாசல் வரை வந்து காய்காரரிடம் கீரை வாங்கினார்.

20 மார்ச்

இன்று சம இரவு நாள், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும். திருவல்லிக்கேணியில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று பிள்ளைகளோடு நிழல் அளந்தோம். பழைய வானியல் நூல்களில் 12 அங்குலச் சங்கு என்று ஒரு குச்சி வரும். சம இரவு நாளில் உச்சிப் பொழுதில் அதன் நிழலை அளந்து ஊரின் அட்சரேகையைச் சொல்வார்கள். நாங்கள் 12-க்குப் பதில் 120 செ.மீ. பைப் ஒன்றைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தினோம். சென்னையில் இன்று உச்சி 12 மணிக்கு இல்லை, சுமார் 12.16-க்கு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் 80.27-ல் இருக்கிறோம். அதற்கு ஒன்பது நிமிடம், மார்ச்சில் சூரியனே ஏழு நிமிடம் போல் பிந்தி வருவது மீதி.

நிழல் 28 செ.மீ. வந்தது. நுனி மங்கலாக, ஒரு செ.மீ. அகலத்துக்கு இருந்தது. சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டம், அதனால் அப்படி. மங்கலின் நடுவை எடுத்தோம்.

டேன் = 28/120. கர்ணம் √15184, அதாவது 123.2. சைன் 0.227, காஸ் 0.974. கோணம் சுமார் 13.1 டிகிரி. திருவல்லிக்கேணியின் அட்சரேகை சுமார் 13.06. ஒரு பைப்பும் டேப்பும் வைத்துக்கொண்டு பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஒரு பெண், ‘சார், 120-ஐயும் 28-ஐயும் 4-ஆல அடிச்சா 30-ம் 7-ம், அதையே போடலாமே’ என்றாள். பங்கு என்பது அவளுக்குள் போய்விட்டது.

24 மார்ச்

அப்படியானால் நீளமே வேண்டாமா, விகிதம் மட்டும் போதுமா என்று கேட்டவருக்கு: வடிவத்துக்குப் போதும், அளவுக்குப் போதாது. இதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை (முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் நேர்கோடு) சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். 57 நாள் ஆனது. இந்தியா முழுதும் போன பெரிய முக்கோண அளவை அந்தக் கோட்டில்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணங்களை அளந்தே முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகப் போனார்கள், இடையிடையே சோதிக்க மட்டும் புதிய அடிக்கோடுகள். கோணங்கள் பங்கைக் கொடுத்தன, ஒரு பங்கு எத்தனை அடி என்பதைச் சங்கிலி கொடுத்தது. நான் போட்ட ப-வின் மதிப்பைத்தான் அவர் 57 நாள் வெயிலில் அளந்தார்.

மலைமேல் அவருடைய சிலை ஒன்று இருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் போய்வாருங்கள்.

7 ஏப்ரல்

பெரம்பூரிலிருந்து மகள் அனுப்பிய அடுத்த கேள்வி: ‘ஆறு விகிதமும் தெரிஞ்சுடுச்சு. ஆனா கோணம் எத்தனை டிகிரின்னு கால்குலேட்டர் இல்லாம எப்படிச் சொல்றது?’

பாகைமானி வைத்து வரைந்து பார்க்கலாம், 37-க்குப் பக்கம் என்று தெரியும். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது, 1500 வருடம் பழையது. ஆரியபடர் 499-ல் எழுதிய நூலில் 24 எண்கள் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. கர்ணத்தை 3438 பங்காக வைத்துக்கொண்டு, கோணம் மூன்றே முக்கால் டிகிரி கூடும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் எத்தனை பங்கு கூடுகிறது என்ற பட்டியல். 225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183 என்று போகும். எதிர்ப்பக்கத்தை அவர்கள் ஜ்யா என்றார்கள், வில்லின் நாண் என்று பொருள். அந்தச் சொல் அரபுக்குப் போய், அங்கே வேறு மாதிரி வாசிக்கப்பட்டு, லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டுத்தான் சைன் ஆனது.

கர்ணம் 5 பங்கு என்று வைப்பதும் 3438 பங்கு என்று வைப்பதும் ஒன்றே என்று உனக்கு இப்போது தெரியும் அம்மா. சைன் 3/5 என்றால் 3438-ல் ஐந்தில் மூன்று, 2062.8. இப்போது வரிசையைக் கூட்டிக்கொண்டே போ. ஒன்பது எண் கூட்டினால் 1910. பத்தாவதைச் சேர்த்தால் 2093, தாண்டிவிடும். ஆக கோணம் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே. 2062.8-லிருந்து 1910 போனால் 152.8. பத்தாவது படியில் உள்ள 183-ல் அது 0.835 பாகம். மொத்தம் 9.835 படி. ஒரு படி 3.75 டிகிரி.

பெருக்கினால் 36.88. கால்குலேட்டர் 36.87 என்கிறது.

அடுத்து 5/13-ஐ நீயே போட்டுப் பார். 22.6-க்குப் பக்கம் வர வேண்டும்.